மணற்பரப்பும் குழந்தையின் கையும்: திண்ணைப் பள்ளி எழுத்துப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுவோர் இருதிறப்படுவர். அவை பொருளுணராது நெட்டுருப் போடுவித்த இடங்கள், பிரம்பே அங்கு ஆசான் என்பர் ஒருசாரார். மேலைநாட்டு உளநூலார் அண்மையிற் கண்ட கல்விக் கொள்கைகள் யாவும் அத்திண்ணைகளில் முன்னரே விளங்கின என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிற்கும் குறை ஒன்றே. பள்ளியில் நிகழ்ந்த செயல்களைத் தனித்தனியே பிரித்து, இச்செயல் குழந்தையின் அறிவில் யாது விளைத்தது, அச்செயல் யாது விளைத்தது என்று வினவாமல், முழுமையையும் ஒருங்கே புகழவோ இகழவோ இவர்கள் முற்படுகின்றனர். குழந்தை வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி ஆசிரியர்க்குப் பயன்பட வேண்டுமாயின் அது செய்யவேண்டிய முதற்பணி இப்பிரித்தறிதலே என்பது எம் கருத்து. ஆதலின் ஈண்டுப் பெரும்பொருள் எதனையும் எடுத்துக்கொள்ளாமல், மணலில் விரலால் எழுதிப் பழகுதல் என்னும் சிறு வழக்கம் ஒன்றையும், அதனோடு ஒட்டி வந்த, மாணாக்கன் மாணாக்கனுக்குக் கற்பித்தல் என்னும் வழக்கத்தையும் ஆராயப் புகுகின்றோம்.

வழக்கத்தின் இயல்பு பலரும் அறிந்ததே. தரையிலோ பலகையிலோ மணலைப் பரப்பி, ஆசிரியர் அதில் எழுத்தை வரைவார். குழந்தையின் விரலைப் பற்றி அவ்வரையின் மேல் நடத்துவார். குழந்தை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். கை பழகிய பின் ஆசிரியர் தம் பிடியை விடுவார்; குழந்தை தானே எழுதும், கலைக்கும், மீண்டும் எழுதும். இப்பயிற்சி முதிர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வரும். மணலில் பிழைத்தால் ஒருமுறை தடவிவிட்டால் போதும். ஓலையிற் கீறிய பிழையோ நிற்கும். அழியும் எழுத்தினின்று அழியா எழுத்திற்குச் செல்லும் இவ்வொழுங்கு எண்ணிச் செய்ததா, வறுமையால் நேர்ந்ததா என்னும் வினாவிற்கு எளிதில் விடை காண இயலாது. அதனை இப்போதைக்கு நிறுத்தி, இவ்வழக்கத்தை வெளியிலிருந்து வந்த ஒருவர் எங்ஙனம் கண்டார் என்பதை நோக்குவோம்.

ஸ்காத்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் காலை அவர் குதிரையேறிச் செல்லுங்கால், ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார் என்பது வரலாறு. இங்கு ‘மலபார்’ என்ற சொல்லைச் சேரநாட்டுக் கடற்கரையெனக் கொண்டு மயங்குவோர் உளர். அக்காலத்து ஆங்கிலேயர் சென்னையில் தமிழரையும் தமிழ்மொழியையும் அப்பெயராலேயே வழங்கினர். ஆதலின் பெல் கண்டது சென்னைப் பகுதியின் தமிழ்த் திண்ணைப் பள்ளியே எனக் கொள்வதே பொருந்தும்.

இல்லத்திற்குத் திரும்பிய பெல், கடைநிலை வகுப்பாசிரியரை அழைத்து அவ்வண்ணமே கற்பிக்கப் பணித்தார். அவர் இயலாதென்றார். பெல் சினந்து அவரை வற்புறுத்தாமல், ஏறத்தாழ எட்டு வயதினனாகிய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணாக்கனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். ஆசிரியர் இயலாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அதிலிருந்தே இல்லம் முழுவதும் சிறுவரைக்கொண்டு சிறுவர்க்குக் கற்பிக்கும் முறை பரவியது. 1796இல் தாய்நாடு மீண்ட பெல் மறு ஆண்டு தம் சோதனையை நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. 1798இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணற்பலகையையும் சட்டாம்பிள்ளை முறையையும் கைக்கொண்டார். 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் பெல்லின் முறையை இங்கிலாந்து முழுவதும் கொண்டு சென்றது. ஆங்கிலப் புலவர் சதே இவர் வரலாற்றை எழுத முற்பட்டார் என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவையளிக்கும் செய்தி. பெல் பிறந்த ஊரில் அவர் செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகின்றது.

பெல் தாம் கண்டவற்றுள் எவற்றைப் பெரிதாகக் கொண்டார்? சிக்கனத்தையும் ஒழுங்கையும். தாளும் மையும் வேண்டா. ஆசிரியர் ஒருவர் போதும். சிறுவர் வரிசை தவறாது இயங்குவர். தொழிற்புரட்சியால் நகரங்களில் குவிந்த ஏழைக் குழந்தைகளுக்குக் குறைந்த செலவில் கற்பிக்க வேண்டும் என்பது அன்று இங்கிலாந்தின் கவலை. அக்கவலையோடு நோக்கிய கண்ணிற்குக் குழந்தையின் விரல் புலப்படவில்லை, மணலின் விலையே புலப்பட்டது. லங்காஸ்டரின் பள்ளியில் நூற்றுக்கணக்கான சிறுவர் ஒரே கூடத்தில் அமர்ந்து, தம்மினும் சிறிதே மூத்த சிறுவன் ஒப்பித்ததைத் தாமும் ஒப்பித்தனர். சட்டாம்பிள்ளை தான் அறிந்ததை விளக்கவில்லை, கடத்தினான். ஐம்பது ஆண்டுகளுக்குள் இம்முறையின் குறை வெளிப்பட்டது. 1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தும் வேறு ஏற்பாடு இங்கிலாந்தில் வந்தது. கருவி பெயர்ந்து சென்றது. அக்கருவி எதனாற் பயன்பட்டது என்னும் அறிவு உடன் செல்லவில்லை.

தமிழகத்திலேயே இருந்து நோக்கிய ஆங்கில அதிகாரிகளின் நோக்கும் கருதத்தக்கது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுப்பித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவருள் பெண்கள் 4,540 பேரே. அன்றைய கல்வியின் பரப்பைப் புகழ்வோர் முதல் எண்ணைக் கூறி, இரண்டாம் எண்ணைக் கூறாது விடுதல் நேர்மையன்று. பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை இக்கணக்குகளினும் சுவையுடையது. அவர் பகுதி தெலுங்கும் கன்னடமும் வழங்குவதாயினும் பள்ளி நடைமுறை தமிழகத்தோடு பெரிதும் ஒத்தது. முதலில் வரும் சிறுவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் புகழும் இகழும் இன்மைக்கு அறிகுறியாகச் சுழியம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. பின்வருவோர்க்கு அடி ஒவ்வொன்றாக மிகும். சோம்பித் திரிவோனைக் கூரையினின்று கைகளாற் கட்டித் தொங்கவிடுதலும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்தலும் உண்டு. இவற்றை எழுதிய அவரே, குறைந்த செலவில் எழுதக் கற்பிப்பதையும், தேர்ந்தவர் தேராதவர்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதி செய்துகொள்வதையும் வியந்து, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்கின்றார். அதே அறிக்கையில், பேச்சு வழக்கிற்குச் சேய்மைப்பட்ட செய்யுள் நடையில் அமைந்த நூல்களைச் சிறுவர் பொருளறியாமல் மனப்பாடம் செய்கின்றனர் என்று குறை கூறுகின்றார். எழுத்துப் பயிற்சியைப் போற்றுதலும் பாடப் பயிற்சியைக் கடிதலும் ஒருவர் எழுத்திலேயே காணப்படுவது கருதத்தக்கது. இவர் பிரித்து நோக்கினார், பின்வந்தோர் பிரிக்கவில்லை.

கற்பிப்பவன் தன் அறிவையும் உறுதி செய்துகொள்கின்றான் என்னும் செய்தியைக் காம்ப்பெல் ஒரு தொடரில் கூறிச் செல்கின்றார். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலுக்கு ஒரு கணக்கே தருகின்றது. ஆசான் உரைத்ததை எத்துணை நன்றாகக் கொண்டாலும் கிடைப்பது காற்கூறு; உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்கூறு; பிறர்க்குச் செவ்வையாக உரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு. ஆசிரியரின் பங்கு நான்கில் ஒன்று என்று கற்பித்தலின் இலக்கணமே கூறுவது சிந்திக்கற்பாலது. இக்கணக்கைக் கற்பனை என்று தள்ளுதலும், அறிவியல் அளவை என்று கொள்ளுதலும் ஒருசேரத் தவறு. அளவு கூறும் வாய்பாட்டில் முதன்மையை உணர்த்துதல் பழைய நூல்களின் மரபு. இது நூல் கற்கும் முதிர்ந்த மாணாக்கனை நோக்கியதேயன்றி அரிச்சுவடி கற்கும் குழந்தையை நோக்கியதன்று என்பதையும் மறத்தலாகாது.

இக்காலத்து ஆராய்ச்சி இதனை எங்ஙனம் கூறுகின்றது? 1982இல் கோஹன், குலிக், குலிக் ஆகிய மூவர், மாணாக்கர் மாணாக்கர்க்குக் கற்பித்த 65 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். கற்றவரேயன்றிக் கற்பித்தவரும் அப்பாடத்தில் முன்னேறினர் என்றும், வரையறுத்துத் திட்டமிட்ட ஏற்பாடுகளில் பயன் மிகுந்தது என்றும் கண்டனர். இதனினும் கூர்மையானது 2007இல் ராஸ்கோ, சி என்னும் இருவர் செய்த திறனாய்வு. கற்பிக்கும் மாணாக்கன் தான் அறிந்ததை அவ்வாறே எடுத்துச் சொல்லுங்கால் அவன் பெறும் பயன் சிறிது. கேட்போன் வினாவிற்கு விடை தேடி, தன் அறிவின் இடைவெளியை உணர்ந்து, பொருளை மீண்டும் கட்டி உரைக்குங்காலே பயன் பெரிது. பயிற்சியின்றி விட்டால் பெரும்பாலோர் முதல் வகையிலேயே நின்றுவிடுகின்றனர் என்பது அவர் முடிபு. லங்காஸ்டரின் சட்டாம்பிள்ளைகள் முதல் வகையினர். நன்னூலார் வெறுமனே உரைத்தலைக் கூறாமல் ‘செவ்வையாக’ என்னும் கருத்தைச் சேர்த்துக் கூறியது இங்கு நினைக்கத்தக்கது. அச்சொல்லில் இக்கால ஆராய்ச்சி முழுவதும் அடங்கியது என்று யாம் கூறவில்லை. அச்சொல்லை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் மேடைகளில் கூறுவோர், நன்னூலார் கருதிய நிபந்தனையை நீக்கிவிடுகின்றனர் என்பதே எம் குறை.

இனி மணலுக்கு மீள்வோம். 1907 சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் சான் லொரென்சோப் பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று, சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்து. குழந்தை அதனை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லும். படித்தலுக்கு முன்னரே எழுதுதல் மலரும் என்று அவர் கண்டார். இதற்கு முன்னோடி, பிரெஞ்சு மருத்துவர் செகன் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கெனச் செய்த முயற்சிகள். மாண்டிசோரி அம்மையார் 1939 இறுதியில் பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்தார். இத்தாலி போரிற் புகுந்தமையால் 1940இல் கட்டுக்காவலுக்கு உட்பட்டார். பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கிப் பணிபுரிந்தார். இதனைக் கொண்டு அவர் உப்புத்தாள் எழுத்தைத் தமிழகத்தில் கற்றார் என்று கூறுவார் கூற்று ஆண்டுக் கணக்கிற்கே முரணானது. அவர் இங்கு வருமுன் முப்பது ஆண்டுகளாக அக்கருவி உலகிற் பரவியிருந்தது. பெல் மணலைக் கண்டார், விரலைக் காணவில்லை. மாண்டிசோரி அம்மையார் இங்குள்ள மணலைக் காணாமலே விரலைக் கண்டார் என்பதே சரி.

விரல் செய்யும் பணியை இப்போது சோதனைச் சாலைகள் அளந்து காட்டுகின்றன. 2004இல் பிரான்சில் பாரா, ழென்தாஸ் முதலியோர், எழுத்துக்களைக் கண்ணால் மட்டும் கண்ட குழந்தைகளினும் புடைத்த எழுத்துக்களை விரலாலும் தடவிய குழந்தைகள் எழுத்திற்கும் ஒலிக்கும் உள்ள உறவை நன்கு பற்றினர் என்று கண்டனர். 2005இல் லோங்காம்ப் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுள்ள 76 குழந்தைகளிடையே கையால் எழுதுதலையும் விசைப்பலகையில் தட்டுதலையும் ஒப்பிட்டனர். மூத்த குழந்தைகளிடத்தில் கையெழுத்தே எழுத்தை இனங்காணும் ஆற்றலை மிகுவித்தது. 2012இல் ஜேம்ஸ், எங்கல்ஹார்ட் ஆகியோர் இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகளைக்கொண்டு செய்த ஆய்வு இவற்றினும் நுட்பமானது. சிலர் எழுத்தைத் தாமே எழுதினர், சிலர் புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தனர், சிலர் தட்டினர். பின்னர் அவ்வெழுத்துக்களைக் காணும்போது மூளையின் இயக்கத்தைப் படமெடுத்து நோக்கியதில், படிப்பிற்குரிய பகுதிகள் தாமே எழுதியவரிடத்திலேயே சிறப்பாக இயங்கின. கோட்டின்மேற் கோடு வரைதல் அப்பயனைத் தரவில்லை.

காரணம் யாது? 2016இல் லீ, ஜேம்ஸ் இருவரும் குழந்தைகளுக்குக் கிரேக்க எழுத்துக்களைக் கற்பித்து இதனை ஆராய்ந்தனர். குழந்தை தானே எழுதும் எழுத்து ஒருமுறை கோணும், ஒருமுறை நீளும், ஒருமுறை வளைவு குறையும். இவ்வேறுபாடுகளினூடே மாறாது நிற்பதே எழுத்து என்று அது அறிகின்றது. பலவாறு எழுதப்பட்ட வடிவங்களைக் கண்ணால் மட்டும் கண்ட குழந்தைகளும் இப்பயனைப் பெற்றனர். ஒரே அச்சு வடிவைக் கண்டவர் பெறவில்லை. நம் மொழியிற் கூறுவதாயின், குழந்தையின் கோணல் எழுத்து பிழையன்று, பாடம்.

இவ்விரு வகை ஆய்வையும் இணைத்து மணற்பயிற்சியை நோக்கினால் அதன் பகுதிகள் தனித்தனியே தெரியலாகும். ஆசிரியர் கீறிய பள்ளத்தில் விரல் ஓடும் முதற்படி, மாண்டிசோரியின் உப்புத்தாளையும் பாராவின் புடைப்பெழுத்தையும் ஒத்தது. பிடி விட்டபின் குழந்தை தானே எழுதும் இரண்டாம் படியே ஜேம்ஸ் கண்ட பயனுக்கு உரியது. ஒருபடியிலிருந்து மறுபடிக்குச் செல்லும் செலவை 1976இல் உட், புரூனர், ராஸ் என்பார் கட்டடத்திற்குக் கட்டும் சாரத்திற்கு உவமித்தனர். சாரத்தின் சிறப்பு அவிழ்க்கப்படுதலில் உள்ளது. இக்கால மழலைப் பள்ளிகளில் அச்சிட்ட புள்ளி எழுத்துக்களின் மேல் ஆண்டு முழுவதும் வரையச் செய்யும் பயிற்சி ஏடுகள் மலிந்துள்ளன. தூய்மையாகத் தோன்றுவதால் பெற்றோர் அவற்றை விரும்புகின்றனர். அவிழ்க்கப்படாத சாரம் அது. திண்ணை ஆசான் கோட்பாடு அறியாதவரே. ஆயினும் உரிய நேரத்தில் கையை எடுத்தார்.

ஆனால் இங்கு ஒரு தடை எழுகின்றது. மேற்கூறிய ஆய்வுகள் உரோமன், கிரேக்க எழுத்துக்களைக் கொண்டவை. இருபத்தாறு எழுத்துக்கு உண்மையானது இருநூற்று நாற்பத்தேழிற்கும் உண்மையாகுமா? தமிழ் நெடுங்கணக்கில் முதலெழுத்து முப்பதே எனினும் குழந்தையின் கண்முன் நிற்பது உயிர்மெய் வரிசை. கன்னடத்தை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் காட்டியது நமக்கு அண்மையது: ஆங்கிலம் கற்கும் குழந்தை ஓரிரு ஆண்டில் எழுத்துக்களை முடித்துவிட, கன்னடக் குழந்தை உயிர்மெய்த் தொகுதியை முற்றக் கற்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது மந்தமன்று, அவ்வெழுத்து முறையின் இயல்பு. கன்னடத்தின் கூட்டெழுத்துக்கள் தமிழில் இல்லை. ஆயினும் முதல் வகுப்பிற்குள் எழுத்து முடிய வேண்டும் என்று வற்புறுத்தும் அதிகாரிகள் இவ்வியல்பை அறிதல் நன்று.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலை ஒலிநூல் பயின்றோர் எளிதில் உணர்வர். ஆங்கில எழுத்துக்களின் பெயர்களை ஆராய்ந்த ரெபெக்கா டிரைமன், எழுத்தின் ஒலி அதன் பெயரின் முதலில் நின்றால் குழந்தை அவ்வொலியை விரைந்து கற்கின்றது என்றும், இறுதியில் நிற்பின் தாழ்க்கின்றது என்றும், பெயரில் ஒலியே இல்லாவிடின் மிகவும் இடர்ப்படுகின்றது என்றும் 1998இல் காட்டினார். இதனை நம் பள்ளி வழக்கோடு பொருத்துக. அகரத்தை ‘ஆனா’ என்றும், ஆகாரத்தை ‘ஆவன்னா’ என்றும், இகரத்தை ‘ஈனா’ என்றும், ஈகாரத்தை ‘ஈயன்னா’ என்றும் சொல்லிக்கொண்டே குழந்தை மணலில் எழுதிற்று. உயிரின் தன்மை பெயரின் முதலில் நிற்கின்றது. அளவோ திரிந்து குறிலின் பெயரும் நெடிலால் தொடங்குகின்றது. கல், கால் எனக் குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் வேறுபடும் மொழியில் இது சிறு செய்தியன்று. தொல்காப்பியர் வகுத்த எழுத்துச் சாரியைகளோ இக்குறை உடையன அல்ல. கரம், கான் என்பன நெட்டெழுத்திற்கு வாரா என்று அவர் விலக்கியதால், ‘அகரம்’ என்னும் பெயர் குறிலுக்கே உரியதாகி, முதலில் குறிலொலியையே தாங்கி நிற்கின்றது. இலக்கணிகளின் பெயர் ஒலியைக் காத்தது. திண்ணையின் பெயர் ஓசையினிமை நோக்கி அதனை நீட்டிற்று. திண்ணைப் பள்ளியில் எல்லாம் நன்றென்பார் இவ்விடத்தை விளக்கக் கடமைப்பட்டவர். ‘ஆனா ஆவன்னா’ என்று கற்ற குழந்தை எழுதுங்கால் குறில் நெடிற் பிழை மிகச் செய்கின்றதா என்பது இன்றும் சோதித்து அறியக்கூடிய வினா. விடை ‘இல்லை’ என்று வருதலும் கூடும். பாட்டாகச் சொல்லும் பெயர்வரிசையைக் குழந்தை ஒலியாகக் கொள்ளாமல் வெறும் பெயராகவே கொள்ளின் கேடு நேராது.

ஆந்திர மாநிலத்து ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் திண்ணையின் இருவழக்கமும் வேறு உருவில் மீண்டன. வகுப்பறைச் சுவரின் அடியில் குழந்தையின் கைக்கு எட்டுமாறு கரும்பலகை அமைந்தது. எழுதலாம், அழிக்கலாம், கோணலாயினும் தானே எழுதலாம். குழந்தைகள் ஆசிரியரின் முழுத் துணையோடு கற்போர், தோழர் துணையோடு கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்களாகப் பிரிந்தனர். அட்டைகளும் ஏணியும் கண்ணுக்குத் தெரிவன. ஆதலின் ஆய்வாளரும் அதிகாரிகளும் அவற்றையே எண்ணினர். தோழன் தோழனுக்கு எவ்வாறு உரைத்தான், ஒப்பித்தானா விளக்கினானா என்பது எண்ணத்தில் அடங்காதது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நோக்குவோரும் இவ்வினாவையே கையிற்கொண்டு வகுப்பறைக்குட் செல்லுதல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருளோ மூளையைப் படமெடுக்கும் கருவியோ வேண்டுவதில்லை. எழுத்துக்களின் பள்ளிப்பெயர்கள் மாவட்டந்தோறும் எவ்வாறு வழங்குகின்றன, அவற்றுள் எவை குறிலைக் குறிலாகவே காக்கின்றன என்பதைத் தொகுத்தலும், முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் சொல்வதெழுதலிற் செய்யும் குறில் நெடிற் பிழைகளை அப்பெயர்களோடு ஒப்பிடுதலும் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க வேலை. கல்வித்துறையார் இதனைச் செய்யப் புகுந்தால் கரம், கான் வேறுபாடு அவர் கண்ணிற்படாமற் போகலாம், தமிழ்த்துறையாரே செய்தற்குரியர்.